குடிசையைக் கொளுத்திய ராஜா

கிட்டார் இல்லை. பியானோ இல்லை. பின்னால் ஒரு சுருதிப்பெட்டிகூட இல்லை. வயதான ஒருவரின் குரல், அவருடைய இரண்டு உள்ளங்கைகள், அவ்வளவுதான். அந்தக் கைத்தட்டலும் தாளத்தில் சுத்தமாக விழவில்லை. ஓரிடத்தில் முந்துகிறது, இன்னோரிடத்தில் தயங்குகிறது. பாட்டு வாத்தியார் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் தொடையில் தட்டித் திருத்தியிருப்பார். முகத்துக்கு நேரே இளிக்கிறவர்களைப் பொருட்படுத்தாதே, உண்மையான சிநேகிதன் கிடைப்பது அரிது என்பதற்கு மேல் பாட்டில் பெரிய விஷயமும் கிடையாது. இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது.

முடிந்த பிறகு அடுத்த பாட்டைப் போடத்தான் கை வருவதில்லை.

பாடியவர் அமெரிக்கக் கறுப்பினப் புளூஸ் பாடகர் சன் ஹவுஸ். பாட்டின் பெயர் 'கிரின்னிங் இன் யுவர் ஃபேஸ்'. 1965 ஏப்ரலில் நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனிக்காகப் பதிவான 'ஃபாதர் ஆஃப் ஃபோக் புளூஸ்' என்ற ஆல்பத்தின் ஒன்பது பாட்டுகளில் ஒன்று. அப்போது அவருக்கு 63 வயது. மற்ற பாட்டுகளில் பெரும்பாலும் அவரும் அவருடைய உலோக உடம்புக் கிட்டாரும் மட்டும். இதையும் சேர்த்து இரண்டு பாட்டுகளில் கிட்டாரும் போய்விடுகிறது. ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ஜாக் ஒயிட், 'இட் மைட் கெட் லவுட்' என்ற ஆவணப்படத்தில் இந்த இசைத்தட்டைச் சுழலவிட்டு, தனக்கு மிகவும் பிடித்த பாட்டு இதுதான் என்கிறார். மின்கிட்டாரை அலறவிட்டே பேர் வாங்கிய மனிதர் அவர்.

இன்றைக்கு இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பழுத்த பாடகர் ஒருவர் வாத்தியக் கோஷ்டியை அனுப்பிவிட்டு, ஒரே ஒரு கிட்டாரோடு உட்கார்ந்து ஓர் ஆல்பம் போடுவார். ஜானி கேஷ் 1994-இல் போட்டார். படி கை 2003-இல் 'புளூஸ் சிங்கர்' என்ற பெயரில் போட்டார். விமர்சகர்கள் எல்லோருக்கும் சொல்ல ஒரே வாக்கியம்தான் இருக்கிறது: அலங்காரம் போனது, நிஜமான ஆள் வெளியே வந்தார்.

அது அத்தனை சுலபமா? ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு 'நிஜமான ஆள்' உட்கார்ந்திருப்பாரா? இந்தக் கேள்வி இசைத்தட்டுக் கடையில் பிறந்ததில்லை. 'இது அன்று, இது அன்று' என்று பிருகதாரண்யக உபநிஷதம் தள்ளிக்கொண்டே போனபோது கேட்டது இதைத்தான். தமிழில் இதைக் கையைத் தட்டிக் கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் ஊர் செங்கோட்டை.

செங்கோட்டை என்றால் சரித்திரம் படித்தவர்களுக்கு வாஞ்சிநாதன் நினைவு வரும், பழைய நாடகப் பைத்தியங்களுக்குக் கிட்டப்பா. சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களுக்குப் பிரானூர் பார்டர் பரோட்டா. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் கேரளப் பக்கத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த எல்லையோர ஊர் அது. இந்தப் பெயர்களுக்கெல்லாம் முந்தியவர் ஆவுடையக்காள். பால்மணம் மாறுமுன்பே கல்யாணம், புருஷன் முகம் மனசில் பதியுமுன்பே கைம்மை. திருவிசைநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச அய்யாவாள் ஊருக்கு வந்தபோது அவரிடம் உபதேசம் பெற்றார் என்கிறது வழிவழியாக வரும் கதை. அய்யாவாள் தஞ்சையை மராத்தியர் ஆண்ட காலத்தவர். சிராத்தத்துக்குச் சமைத்த சோற்றை, ஊர் ஒதுக்கிய ஒருவனின் பசிக்குப் போட்டுவிட்டுத் தாமும் ஒதுக்கப்பட்டவர். அவர் வீட்டுக் கிணற்றில் கங்கை பொங்கியதாகச் சொல்லி இன்றும் கார்த்திகை அமாவாசையன்று அங்கே கூட்டம் குளிக்கிறது. அப்படிப்பட்ட குருவுக்கு இப்படியொரு சிஷ்யை வாய்த்ததில் ஆச்சரியமில்லை. எச்சில், தீட்டு என்ற ஆசாரக் கணக்குகளையெல்லாம் எடுத்துப்போட்டு எள்ளி நகையாடுகிறார் அக்காள்.

அவர் பாட்டுகளின் தலைப்புகளைப் பார்த்தாலே ஒரு விஷயம் புரியும். வேதாந்தக் கப்பல், வேதாந்தப் பள்ளு, வேதாந்த அம்மானை, சூடாலைக் கும்மி. அத்தனையும் ஊர்ப்பெண்களின் வாயிலும் கையிலும் புழங்கிய வடிவங்கள். பண்டிதர்கள் வடமொழியில் பாஷ்யத்துக்கு மேல் பாஷ்யம் எழுதிக்கொண்டிருந்த விஷயத்தை இவர் அம்மானைக் காயோடு சேர்த்து மேலே வீசிப் பிடித்தார்.

அந்தப் பாட்டுகள் வாழ்ந்த இடமும் மேடை இல்லை. பந்தி முடிந்து, பாத்திரம் கவிழ்த்து, அடுக்களைத் தரை காய்கிற நேரம். முற்றத்துத் தூணில் சாய்ந்து ஒருத்தி அடியெடுப்பாள். முறத்தில் அரிசியோடு உட்கார்ந்திருப்பவள் அடுத்த வரியைச் சொல்வாள். வீணையும் இல்லை, மிருதங்கமும் இல்லை. மொட்டையடித்த தலைமேல் முக்காடு போட்ட அத்தைப்பாட்டிகளுக்கு ஆத்மவிசாரத்தில் கிடைத்த ஒரே பாடப்புத்தகம் இதுதான். கும்மிக்கு வாத்தியம் உள்ளங்கை. சன் ஹவுஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் கடைசியாக மிச்சம் வைத்துக்கொண்டதும் அதேதான்.

சூடாலைக் கும்மியின் கதை யோக வாசிஷ்டத்தில் வருவது. சிகித்வஜன் என்று ஒரு ராஜா, அவன் ராணி சூடாலை. இரண்டு பேருக்கும் ஞானத்தில் நாட்டம். ராணி அரண்மனையில் இருந்தபடியே, நகையைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைப் பிடித்துவிடுகிறாள். ராஜாவுக்கு அது புரியவில்லை. பெண்டாட்டி சொல்லி நான் தெரிந்துகொள்வதா என்ற நினைப்பு வேறு. ஒருநாள் நடுராத்திரியில், தூங்குகிறவளை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போகிறான். குடிசை போடுகிறான். தண்டம், கமண்டலம், ஜபமாலை, மான்தோல். வருஷக்கணக்கில் தவம். ஒன்றும் நடக்கவில்லை.

சூடாலை ஒரு பிராமணப் பையன் வேஷத்தில், கும்பன் என்ற பெயரில் வருகிறாள். எல்லாவற்றையும் துறந்துவிட்டேன் என்கிறான் ராஜா. இல்லையே, முக்கியமானது இன்னும் பாக்கி இருக்கிறதே என்கிறாள் அவள். ராஜா யோசிக்கிறான். ராஜ்யம் போனாலும் காடு மிச்சமிருக்கிறது. அதன்மேல் வைத்த ஆசையை விட்டேன் என்கிறான். போதாது. குடிசையைக் கொளுத்துகிறான். மாலை, கமண்டலம், மான்தோல் ஒவ்வொன்றாக நெருப்பில் விழுகின்றன. போதாது. மிச்சமிருப்பது இந்த உடம்புதானே என்று மலைவிளிம்பிலிருந்து குதிக்கப் போகிறான். அவள் நிறுத்துகிறாள். பாவம், உடம்பு உனக்கு என்ன செய்தது? 'நான் துறந்தேன்' என்று உள்ளே ஒருத்தன் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறானே, அவனை என்ன செய்யப் போகிறாய்?

எல்லாவற்றையும் கழற்றிவிட்டதாகப் பெருமைப்படும் ஆல்பத்துக்கும் இந்த ராஜாவுக்கும் அதிக தூரமில்லை. முதலில் வயலின் கோஷ்டி நெருப்பில் போகிறது. பிறகு டிரம்ஸ், பிறகு மின்சாரம், பிறகு கிட்டார். ஒவ்வொன்று எரியும்போதும் இதோ நிஜம் வந்துவிட்டது என்று கேட்கிறவர் நிமிர்ந்து உட்கார்கிறார். எரியாமல் ஒன்று மட்டும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 'இதுதான் அசல் நான்' என்ற ஜம்பம் அது. அட்டைப்படத்தில் சுருக்கம் விழுந்த முகத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து விற்பதும் அந்தச் சரக்கைத்தான்.

சன் ஹவுஸின் ஆல்பம் இந்த வலையில் விழாமல் நழுவியது எப்படி? அதற்கு அவருடைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1902-இல் மிசிசிப்பியில் பிறந்தவர். பதின்வயதிலேயே பாப்டிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்தவர். புளூஸ் என்றால் சாத்தானின் பாட்டு என்று நம்பிய வீடு. 25 வயது வாக்கில், ஒருவர் கண்ணாடிக் குப்பியைத் தந்திமேல் இழுத்து வாசிப்பதைக் கேட்டுத் தடம் மாறினார். சபைக்கும் சாராயக் கடைக்கும் நடுவே ஆயுள் முழுக்க இழுபட்டார். பிரசங்கியையே கிண்டல் செய்யும் 'பிரீச்சிங் புளூஸ்' அந்த இழுபறியில் பிறந்தது. ஒரு கொலை வழக்கில் பார்ச்மன் சிறைப்பண்ணைக்கும் போய்வந்தார். 1930-இல் பாரமவுண்ட் கம்பெனிக்குச் சில பாட்டுகள் கொடுத்தார். தட்டுகள் விற்கவில்லை. ஆனால் அவரைப் பார்த்துப் படித்த ராபர்ட் ஜான்சனும் மடி வாட்டர்ஸும் உலகப் புகழ் பெற்றார்கள். அவரோ 1943-இல் வடக்கே ரோச்செஸ்டர் நகரத்துக்குப் போய் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். கிட்டாரைத் தொடுவதையே விட்டார்.

1964 ஜூனில் மூன்று இளைஞர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பெரியவருக்கோ பாட்டுகள் மறந்துபோயிருந்தன. விரல்களுக்கும் நினைவில்லை. அப்போது ஆலன் வில்சன் என்ற இருபது வயதுப் பையன் எதிரே வந்து உட்கார்ந்தான். பிற்பாடு கேண்ட் ஹீட் குழுவில் பேர் வாங்கியவன். சன் ஹவுஸின் பழைய பதிவுகளைக் கேட்டுக் கேட்டு வரி வரியாய், இழுப்பு இழுப்பாய் மனப்பாடம் செய்திருந்தான். நீங்கள் 1930-இல் இதை இப்படி வாசித்தீர்கள், 1942-இல் இப்படி மாற்றினீர்கள் என்று அவருக்கே அவரை வாசித்துக் காட்டினான். கிழவர் தன் பாட்டைப் பாடம் கேட்டுக்கொண்டார்.

சுவாமிமலையில் பிள்ளை அப்பனுக்குப் பிரணவம் சொன்ன கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது விநோதமாகப் படாது. ஆனால் 'நிஜமான ஆள்' கட்சிக்கு இது பெரிய சங்கடம். 1965-இல் மைக்கின் முன்னால் நின்ற அந்த வெறுங்குரல் யாருடையது? அறுபத்துமூன்று வயதுக்காரருடையதா? அரக்குத் தட்டில் உறைந்திருந்த இருபத்தெட்டு வயதுக்காரருடையதா? நடுவில் அதைத் தன் காதில் பத்திரமாக வைத்திருந்த பையனுடையதா? வாத்தியங்களைக் கழற்றியவர்கள் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக அவரையும் சேர்த்துக் கழற்றிவிட்டார்கள். பாட்டு மட்டும் நிற்கிறது.

அக்காளின் விஷயமும் அப்படியே. அவருடைய பாட்டுகள் பெண்களின் மனப்பாடத்திலும் பழைய நோட்டுகளிலும் தங்கி நின்றன. ஒரு தொண்டை ஓய்ந்தால் இன்னொரு தொண்டை எடுத்துக்கொண்டது. பக்கத்து ஊர் ஆய்க்குடியைச் சேர்ந்த வேங்கடராம சாஸ்திரிகள் 20-ஆம் நூற்றாண்டில் தேடித் தொகுத்தார். திருக்கோவலூர்த் தபோவனம் 2002-இல் பெரிய திரட்டாக வெளியிட்டது. காஞ்சனா நடராஜன் 2012-இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். எந்தச் சொல் அக்காளுடையது, எது நடுவில் ஒரு பாட்டி தன் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது என்று சுவடி ஆராய்ச்சிக்காரர்கள் சண்டை போடலாம். 'நான்' என்று ஒன்று தனியாக இல்லை என்று பாடியவருக்கு அந்தச் சண்டையில் அக்கறை இருந்திருக்காது.

இங்கே ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தால் அது நியாயம்தான். கழற்றுவது, துறப்பது என்று அழகாகப் பேசுகிறீர்களே, இவர்கள் எதைத் துறந்தார்கள்? அவர்களிடமிருந்து பறித்தார்களே! விளைச்சலில் பங்கு என்ற வார முறையில் வெள்ளைக்காரர் பண்ணையில் மாடாய் உழைத்தவனிடம் கிட்டார் வாங்கக் காசில்லை. அதனால் விளக்குமாற்றுக் கம்பியைச் சுவரில் அறைந்து மீட்டினான். அதை எளிமையின் அழகு என்பதா? பத்து வயசுப் பெண்ணின் வளையலை உடைத்து, தலையை மழித்து, ஒருவேளைச் சோறு போட்டு மூலையில் உட்காரவைத்ததைத் துறவு என்று சொல்ல நாக்கு கூசாதா?

கூசத்தான் வேண்டும். எளிமையை ரசிப்பதில் ஒரு கள்ளத்தனமும் உண்டு. மடி வாட்டர்ஸ் 1940-களிலேயே சிகாகோவில் மின்கிட்டாரை எடுத்துவிட்டவர். பட்டணத்து இரைச்சலில் காதில் விழவேண்டுமே! ஆனால் 1964-இல் நாட்டுப்பாடல் மோகம் கொண்ட வெள்ளைக்கார மாணவர்களைப் பிடிப்பதற்காக அவர் கம்பெனி மின்சாரத்தைப் பிடுங்கி, 'ஃபோக் சிங்கர்' என்று பெயர் வைத்து ஓர் ஆல்பம் போட்டது. ஆல்பம் அருமை, அதில் பேச்சில்லை. ஏழ்மையைத் தாண்டி வந்த ஒருவரை, கேட்கிறவரின் ஆசைக்காகத் திரும்ப அந்தத் திண்ணையில் கொண்டுபோய் உட்காரவைத்ததும் உண்மைதான்.

அதனால்தான் அக்காள் கும்மிக்கு எடுத்துக்கொண்ட கதையைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அதில் எல்லாவற்றையும் எரிப்பவன் ஆண். ஞானம் கிடைத்தவளோ எதையும் எரிக்காதவள். வெறுமையாக்குவதே வழி என்றிருந்தால், அக்கிரகாரத்து மூலையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு கைம்பெண்ணுக்கும் தானாக முக்தி கிடைத்திருக்க வேண்டும். கழற்றுவதற்கு ஒன்றுமே மிச்சம் வைக்கப்படாத பெண்களுக்கு, கழற்றுவதில் விசேஷம் ஒன்றும் இல்லை என்ற கதையைச் சொன்னார் அக்காள். நகை போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி, பார்க்க வேண்டிய இடம் வேறு. மழித்த தலையோடு அதைக் கேட்டவளுக்கு அது தத்துவப் பாடமாக மட்டும் இருந்திருக்காது.

பக்கவாத்தியம் பொய், வெறுங்குரல் மெய் என்ற பிரிவினையும் இங்கே ஆட்டம் கண்டுவிடுகிறது. செங்கோட்டை கிட்டப்பா 1933-இல் 27 வயதில் இறந்தபோது அவர் மனைவி, பாடகி கே. பி. சுந்தராம்பாளுக்கு 25 வயது. அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்துகொண்டார். பாட்டை மட்டும் விடவில்லை. சன் ஹவுஸ் நியூயார்க்கில் கையைத் தட்டிப் பாடிய அதே 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில் ஔவையாராக வந்து நின்றார் சுந்தராம்பாள். பின்னால் கே. வி. மகாதேவனின் முழு வாத்தியக் கோஷ்டி. அந்தக் கோஷ்டி இருந்ததால் அந்தக் குரலின் உண்மை ஒரு குந்துமணி குறைந்தது என்று சொல்லத் தமிழ்நாட்டில் ஆள் கிடைக்காது.

இன்னொரு கோடியில், சொல்லையே கழற்றியவரும் உண்டு. கண்பார்வை இல்லாத வில்லி ஜான்சன், 1927 டிசம்பரில் டல்லஸ் நகரத்தில், ஏசு சிலுவைக்கு முந்தைய இரவில் கெத்சமனே தோட்டத்தில் பட்ட வேதனையைச் சொல்லும் பழைய கீர்த்தனை ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் வரிகளை விட்டுவிட்டார். முனகல் மட்டும், கூடவே கிட்டார்த் தந்தி இழுத்து அழுகிறது. பல்லவி இல்லை, சரணம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களில் வைத்தனுப்பிய தங்கத் தட்டில் அந்த முனகலும் போயிருக்கிறது. ஆலமரத்தடியில் வாய் திறக்காமல் பாடம் சொன்ன தட்சிணாமூர்த்திக்கு ஒரு படி கீழே நிற்கிற சங்கீதம் அது.

அந்த ஒரு படியையும் ஏறிவிட்டால் என்ன? மௌனம்தான் முடிவென்றால் எதற்குப் பாட்டு, எதற்கு ஆல்பம்? அத்வைதம் இதற்கு வைத்திருக்கும் பதில் நடைமுறை சார்ந்தது. சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்று மூன்று படிகள். முதல் படி காது. கேட்காமல் சிந்திக்க முடியாது, சிந்திக்காமல் நிலைக்க முடியாது. சூடாலையின் கதை முடிகிற விதம் இன்னும் ருசியானது. ராஜாவுக்கு ஞானம் வந்த பிறகு அவனைக் காட்டில் விட்டுவிடவில்லை அவள். வேஷத்தைக் கலைக்கிறாள். இருவரும் ஊர் திரும்புகிறார்கள். ராஜா கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நெடுங்காலம் ராஜ்யபாரம் பண்ணுகிறான். கொளுத்தின குடிசைக்குப் பதில் அரண்மனையே திரும்ப வருகிறது, அது உறுத்தவில்லை.

சன் ஹவுஸும் அப்படியே. இரண்டு பாட்டில் கிட்டாரைக் கீழே வைத்த அதே ஆல்பத்தில், வேறு இரண்டு பாட்டுகளில் ஆலன் வில்சனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஒன்றில் அந்தப் பையன் கிட்டார் வாசிக்கிறான், இன்னொன்றில் மவுத்ஆர்கன். கேட்கும்போது ஒன்று கூட, ஒன்று குறைவு என்று தோன்றுவதில்லை.

அக்காளின் முடிவைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. ஓர் ஆடி அமாவாசையன்று குற்றாலத்துக்கு வந்து அருவியில் குளித்தாராம். பிறகு மலைமேல் ஏறிப் போனாராம். திரும்பி வரவில்லை, உடலைக் கண்டவரும் இல்லை.

இன்றைக்கும் ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் கூட்டம் நெரியும். ஆற்றோரத்தில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்கள், வரிசையை ஒழுங்குபடுத்தும் போலீஸ் விசில். பேரருவிக்கு அடியில் போய்விட்டால் விசிலும் கேட்காது. பக்கத்தில் நிற்பவர் நகரச் சொல்லிக் கத்துவது வாயசைவாகத்தான் தெரியும். தண்ணீர் தலையில் இடிக்கிறபோது தன் குரலே தனக்கு எட்டாது. பெண்கள் பக்கத்திலிருந்து நடுவயதுக்காரி ஒருத்தி வெளியே வருகிறாள், ஈரப் பின்னலை முறுக்கிப் பிழிகிறாள். தான் இவ்வளவு நேரமாக எதையோ பாடிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவள் காதிலேயே விழுகிறது.